கோகோநீனோ காடு: முதலில் உயரம், பிறகு இடம்

கோகோநீனோ தேசியக் காட்டுக்குக் கூடாரம் போடக் கிளம்புகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை அடி உயரத்தில் தங்கப் போகிறீர்கள் என்பது. எந்த ஏரி, எந்தச் சாலை, எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரைச் சுற்றி 18 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்தக் காடு. அதன் தாழ்ந்த மூலை கடல்மட்டத்திலிருந்து 2,600 அடி. உச்சியான ஹம்ஃப்ரீஸ் சிகரம் 12,633 அடி. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட் முள்மரமும் சப்பாத்திக்கள்ளியும் கீழே. அதற்கு மேல் செம்பாறைப் பள்ளத்தாக்கு, பிறகு பைன் காடு, எரிமலைச் சரளை மேடுகள், ஆஸ்பென் தோப்புகள். கடைசியில் மரமே முளைக்காத மொட்டை உச்சி. எல்லாம் ஒரே காட்டு இலாகாவின் கையில்.

சி. ஹார்ட் மெரியம் என்ற உயிரியலாளர் 1889இல் இந்த மலையடியில் முகாமிட்டு ஆராய்ந்தார். உயரம் ஏற ஏறச் செடியும் விலங்கும் பட்டை பட்டையாக மாறுவதைக் குறித்துக்கொண்டார். மலை ஏறுவதும் வடக்கு நோக்கி நெடும்பயணம் போவதும் உயிரினங்களைப் பொறுத்தவரை ஒன்றுபோலத்தான் என்று அவர் வகுத்த கருத்து இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கூடாரம் போடுகிறவருக்கு அதன் பொருள் எளிது. ஃபீனிக்ஸில் 43 டிகிரி வெயிலில் காரில் ஏறி இரண்டரை மணி நேரம் வடக்கே போனால், அன்று இரவே ஸ்வெட்டரைத் தேடுவீர்கள். அரைக்கை சட்டையோடு வந்து காரின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கலாம்.

மாதத்துக்கு ஏற்ற உயரம்

நவம்பர் முதல் மார்ச் வரை வெர்டே பள்ளத்தாக்கு. கேம்ப் வெர்டே, காட்டன்வுட் ஊர்களைச் சுற்றி மூவாயிரம் சொச்சம் அடியில் உள்ள தாழ்நிலம் இது. பகலில் இதமான வெயில், இரவில் நல்ல குளிர். கோடையில் இங்கே கூடாரம் போடுவது தண்டனை. ஷூவைப் போடுமுன் தட்டிப் பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கம் கட்டாயம், தேள் இருக்கும்.

செடோனாவின் செம்பாறைகளைப் படத்தில் பார்த்துவிட்டு அதன் அடியிலேயே படுக்க வேண்டும் என்று நிறையப் பேர் வருகிறார்கள். அது நடக்காது. ஊரைச் சுற்றிய பெரும்பகுதியில் கூடாரம் போடத் தடை. மேற்கே 525ஆம் எண் காட்டுச்சாலைப் பக்கம் குறித்துவிட்ட சில இடங்களில் மட்டும் தங்கலாம். வார இறுதியில் அவை வேகமாக நிரம்பிவிடும். ஓக் கிரீக் பள்ளத்தாக்கில் மன்சனீட்டா, கேவ் ஸ்பிரிங்ஸ், பைன் ஃப்ளாட் என்று கட்டணக் கேம்ப்கிரவுண்டுகள் உண்டு. ஓடைச் சத்தத்தோடு தூங்கலாம், முன்பதிவு கிடைத்தால். காரில் ஒட்டுவதற்கு விற்கும் 'ரெட் ராக் பாஸ்' என்பது வண்டி நிறுத்தும் கட்டணம்தான். அதை வாங்கிவிட்டதால் இரவு தங்கும் உரிமை வந்துவிட்டது என்று நினைத்து ரேஞ்சரிடம் வாதாடாதீர்கள். என் யோசனை: செடோனாவைப் பகலில் பாருங்கள், படுக்க மேலே ஏறிவிடுங்கள்.

மேலே என்றால் பாண்டெரோசா பைன் பீடபூமி. 6,500 அடியிலிருந்து 8,000 அடி வரை, மே கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதிவரை, இந்த அத்தியாயத்தின் இதயம் இதுதான். அமெரிக்காவிலேயே இடைவெளியில்லாமல் இவ்வளவு தூரம் தொடரும் பாண்டெரோசா காடு வேறில்லை. ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட கொடைக்கானலின் உயரம். ஆனால் கொடைக்கானலின் ஈரம் இங்கே துளியும் இல்லை. காற்று காய்ந்தது, வானம் நீலம், தரையில் ஊசியிலை மெத்தை. இளமரத்தின் பட்டை கறுத்திருக்கும். நூறு வயதைத் தாண்டி முதிர முதிர ஆரஞ்சு நிறமாகி, பெரிய பெரிய ஓடுகளாக வெடிக்கும். வெயில் ஏறிய பிற்பகலில் அந்த வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள்: வெனிலா வாசனை. குழந்தைகள் அரை மணி நேரம் மரம் மரமாக மோந்துகொண்டு அலைவார்கள். அதற்குள் நீங்கள் கூடாரம் போட்டுவிடலாம்.

பைன் காட்டில் இடம் பார்க்கும்போது கண் தானாகப் புல்வெளியின் நடுவுக்குப் போகும். படம் எடுக்க அழகான இடம் அது. படுக்க மோசமான இடம். இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். புல்வெளி ஓரத்தில், சற்றே மேடான இடத்தில், மரவரிசைக்குள் நான்கடி நுழைந்து போடுங்கள். அங்கே இரவு கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்; காலையில் கூடாரத்தின் மேல் பனிநீர் சொட்டாது. போடுமுன் தலையை உயர்த்திப் பார்ப்பதும் முக்கியம். நின்றபடி செத்த மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ விழும் தூரத்தில் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே அடிக்கும் காற்று விளையாட்டல்ல.

கேம்ப்கிரவுண்டே வேண்டும் என்பவர்களுக்கு மேரி ஏரிச் சாலை வசதி. லேக்வியூ, பைன் குரோவ், டெய்ரி ஸ்பிரிங்ஸ் எல்லாம் அந்த வழியில்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது இவைதான் சரி. கழிப்பறை, மேசை, பக்கத்தில் நாலு மனிதர்கள் இருப்பது முதல் இரவுக்கு ஒரு தைரியம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்களைச் சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் 8,500 அடிக்கு ஏற்றாதீர்கள். 7,000 அடியில் ஓர் இரவு தங்கட்டும். அதற்கும் முன்னால் அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தலைவலியும் தூக்கம் பிடிக்காமையும் உயரத்தின் வேலை. தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாள் மெதுவாக நடந்தால் பெரும்பாலும் சரியாகும். மூச்சுத்திணறலோ வாந்தியோ வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடகிழக்கே எரிமலை நிலம். சன்செட் கிரேட்டர் ஏறக்குறைய 1085ஆம் ஆண்டு வெடித்த எரிமலை. அதன் வாசலிலேயே பொனீட்டோ கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. தரை முழுக்கக் கறுப்புச் சரளை. கூடாரத்தோடு வரும் ஒல்லியான கம்பி முளைகள் இதில் நிற்காது: அடித்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், இழுத்தால் அப்படியே வந்துவிடும். அகலமான நீள முளைகளைச் சாய்த்து அடித்து, அவற்றின் மேல் கல் ஏற்றுங்கள். அல்லது கயிற்றை நேராகப் பெரிய கல்லில் கட்டிவிடுங்கள். பக்கத்திலுள்ள சிண்டர் ஹில்ஸில் மணல்பைக் வண்டிகளுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை அங்கே தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். 1967இல் அப்போலோ விண்வெளி வீரர்களின் பயிற்சிக்காக வெடிவைத்துச் செயற்கையாக நிலாப்பள்ளங்களை உண்டாக்கிய வயலும் அந்தப் பக்கம்தான்.

8,000 அடிக்கு மேலே ஆஸ்பென். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை இலைகள் மஞ்சளாகும்போது அரிசோனாவே இங்கே வந்து நிற்கும். 8,600 அடியிலுள்ள லாக்கெட் மெடோவுக்கு ஏறும் 552ஆம் எண் சாலை மலையோரமாக ஒடுங்கி, எதிரில் வண்டி வந்தால் பின்னால் நகர வேண்டிய அளவுக்குக் குறுகலானது. டிரெய்லரோடு ஏறக் கூடாது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எனக்குக் கேட்டால், மலையின் மேற்குப் பக்கம் 151ஆம் எண் ஹார்ட் பிரெய்ரி சாலையே போதும். கூட்டமும் சற்றுக் குறைவு.

ஹம்ஃப்ரீஸ் அடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களில் 11,400 அடிக்கு மேல் கூடாரம் போடுவதற்குத் தடை. மரங்கள் முடியும் எல்லைக்கு மேலே பாதையை விட்டு விலகி நடப்பதும் தடை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு மஞ்சள் பூச்செடி அந்தக் கற்குவியலில்தான் பிழைத்திருக்கிறது. ஹோபி, நவாஹோ உட்படப் பல பழங்குடி மக்களுக்கு இந்த மலை தெய்வ மலை. நம் மலைக்கோயில்களில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படி நடந்தால் சரியாக இருக்கும்.

தெற்கே மகியோன் ரிம். பீடபூமி சட்டென்று முறிந்து ஆயிரக்கணக்கான அடி கீழே விழும் விளிம்பு. 300ஆம் எண் ரிம் சாலை அதை ஒட்டியே போகிறது. காட்சிக்கு இதை மிஞ்ச இந்தக் காட்டில் இடமில்லை, இடிக்கும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் விளிம்பிலேயே கூடாரம் போடாதீர்கள்.

காசில்லாமல் தங்குவது

கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, காட்டுச்சாலை ஓரத்தில், கட்டணமின்றித் தங்குவதை 'டிஸ்பெர்ஸ்டு கேம்பிங்' என்பார்கள். கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கோகோநீனோவின் உண்மையான சுகம் இதில்தான். 30 நாளில் 14 நாள்வரை தங்கலாம். ஆனால் நினைத்த இடத்தில் வண்டியை இறக்க முடியாது. எந்தச் சாலையில் வண்டி ஓட்டலாம், எந்தச் சாலையோரம் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதற்குக் காட்டு இலாகா இலவசமாகத் தரும் ஒரு வரைபடம் இருக்கிறது, எம்.வி.யு.எம். என்று கேட்டால் ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுப்பார்கள். புள்ளி புள்ளியாகப் பட்டை போட்டுக் காட்டியிருக்கும் சாலைகளில் 300 அடிவரை உள்ளே போய்த் தங்கலாம். மற்றச் சாலைகளில் 30 அடிக்குள் வண்டியை நிறுத்திவிட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அவென்சா என்ற செயலியில் இதே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். உங்கள் புள்ளியைக் காட்டும். கூகுள் மேப்ஸை நம்பிக் காட்டுச்சாலைக்குள் போகாதீர்கள். அது காட்டும் சாலைகளில் பாதி ஜீப்புக்கே சவால்.

சாலையின் தரத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு பலகையிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எண் கிடைமட்டமாக எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகலாம். எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக இருந்தால், தரையிலிருந்து நல்ல உயரமுள்ள வண்டிக்குத்தான் அது. காம்ரியில் வந்திருப்பவர் அந்தப் பலகையைப் பார்த்ததும் அடுத்த சாலைக்குப் போய்விடலாம்.

ஏற்கெனவே ஆள் தங்கிய அடையாளம் உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள்: கல்வட்டம், அழுந்திய மண், புல்லில்லாத தரை. புதிய புல்வெளியைப் பாழாக்க வேண்டியதில்லை. இன்னொரு விதி அரிசோனாச் சட்டத்திலேயே உண்டு. விலங்குகளும் மாடுகளும் குடிக்கும் நீர்நிலையை ஒட்டி, கால் மைலுக்குள் தங்கி அவற்றின் வழியை அடைக்கக் கூடாது. வரைபடத்தில் 'டேங்க்' என்று பெயர் போட்டிருப்பவை எல்லாம் அப்படிப்பட்ட குட்டைகள்தான். அதன் கரை இதமாகத் தெரியும். அந்தி சாயும்போது எல்க் மான்கள் தூரத்திலேயே நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் போனால்தான் அவற்றுக்குத் தண்ணீர்.

தண்ணீர் உங்களுக்கும் பிரச்சினைதான். இவ்வளவு பெரிய பைன் காட்டில் ஓடை அநேகமாகக் கிடையாது. பனி உருகினாலும் மழை பெய்தாலும் சுண்ணாம்புப் பாறையும் எரிமலைப் பாறையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர், என்பது பொதுக்கணக்கு. அது சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள் கணக்கு. சாதம் வடித்து, சாம்பார் வைத்து, பாத்திரம் கழுவும் குடும்பம் என்றால் இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். வால்மார்ட்டில் கிடைக்கும் குழாய் வைத்த நீலக் கேன் இரண்டு, நால்வருக்கு ஒரு வார இறுதியைத் தாங்கும்.

அடுப்படி

7,000 அடியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி தெரியும், சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் இரண்டு மணி நேரம் கழித்தும் பல்லில் கடிபடும். அரிசி வேகும், ஆனால் நடுவில் ஒரு நறுக்கு நிற்கும். ஆகவே பிரஷர் குக்கர் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கர்கள் விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கட்டும். மூன்று லிட்டர் குக்கர் போதும். வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். சுற்றியுள்ள காற்றழுத்தமே குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் வீட்டில் வரும் வெப்பம் வராது. பருப்பை மதியமே ஊறப்போட்டுவிட்டால் கேஸும் மிச்சம்.

அடுப்பில் கவனம் வேண்டும். கொரியக் கடைகளில் கிடைக்கும், பக்கவாட்டில் உருளை செருகும் ஒற்றை அடுப்பு பல தமிழ் வீடுகளில் இருக்கிறது. அதில் இருப்பது பியூட்டேன். வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அது ஆவியாக மறுக்கும். அக்டோபர் காலை ஆறு மணிக்குக் காபிக்காக அதைத் திருப்பினால் புஸ் என்றுகூட வராது. பச்சை உருளையில் வரும் புரொப்பேன் அடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. இரட்டை பர்னர் புரொப்பேன் அடுப்பும், காற்றைத் தடுக்க மூன்று பக்கத் தகடும் இருந்தால் சமையல் கவலையை விட்டுவிடலாம்.

முதல் இரவுக்குச் சமைக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை போய்ச் சேர இருட்டிவிடும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கையோடு இருந்தால் போதும். தோசைமாவைப் புளிக்கவைத்தே கொண்டு போங்கள். அங்கே போய்ப் புளிக்கும் என்று நம்பினால், ராத்திரிக் குளிரில் அரைத்த நிலையிலேயே உறைந்து கிடக்கும். கழுவிய தண்ணீரை வடிகட்டி, சோற்றுப் பருக்கையையும் கறிவேப்பிலையையும் குப்பைப் பையில் போட்டுவிட்டு, நீரை மட்டும் கூடாரத்துக்கு எட்டத்தில் வீசித் தெளியுங்கள்.

மிச்சச் சாப்பாடு, மசாலா டப்பா, பற்பசை எல்லாம் இரவு காருக்குள். கூடாரத்துக்குள் முறுக்குப் பொட்டலம்கூட வேண்டாம். கரடி இங்கே உண்டு, காண்பது அபூர்வம். அதைவிட நிச்சயமாக வருபவை அணிலும் அண்டங்காக்கையும். தாழ்நிலத்தில் ஜாவலீனா என்ற பன்றி போன்ற பிராணி கூட்டமாக வரும். புல்வெளியில் தரை முழுக்க வளை வளையாகப் பிரெய்ரி டாக் குடியிருப்பு தெரிந்தால் தள்ளிப் போங்கள். அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் சில ஆண்டுகளில் பிளேக் கிருமியைச் சுமப்பது இந்த வட்டாரத்திலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

நெருப்பு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மே, ஜூன் இங்கே உச்சக் காய்ச்சல். ஊசியிலை மெத்தை அப்போது பஞ்சுபோலப் பற்றும். காட்டு இலாகா படிப்படியாகக் கட்டுப்பாடு விதிக்கும். முதல் நிலையில் விறகும் கரியும் கட்டணக் கேம்ப்கிரவுண்டின் இரும்பு வளையத்தில் மட்டும். இரண்டாம் நிலையில் அங்கேயும் கிடையாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு மட்டும், அதுவும் சுற்றிலும் மூன்றடி சுத்தம் செய்த தரையில். அதற்கும் மேலே போனால் காட்டையே மூடிவிடுவார்கள். 2021 ஜூனில் கோகோநீனோ முழுவதையும் மூடினார்கள். கிளம்பும் நாள் காலையில் காட்டின் இணையதளத்தைப் பாருங்கள். போன வாரம் பார்த்தது செல்லாது.

2010 ஜூனில் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்துதான் ஷுல்ட்ஸ் தீ எழுந்தது. மலையின் கிழக்குச் சரிவில் 15,000 ஏக்கர் எரிந்தது. அதோடு முடியவில்லை. எரிந்த மண் நீரை உறிஞ்சாது. அடுத்த மாதமே பெய்த மழையில் வெள்ளம் சரிவில் திரண்டு இறங்கி, கீழே குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் இறந்தாள். 2022 ஜூனில் எழுந்த பைப்லைன் தீ 26,000 ஏக்கருக்கு மேல் தின்றது. அதன் தொடக்கம், காட்டில் தங்கிய ஒருவர் கழிப்பறைத் தாளைக் கொளுத்திக் கல்லுக்கடியில் வைத்தது. 

அதனால் கழிப்பறை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகாமிலிருந்தும் நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளிப் போய், ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். தோட்டத்துச் சிறு மண்வெட்டி வேண்டும். குச்சியால் இந்தத் தரையைத் தோண்ட முடியாது. தாளைப் புதைக்காதீர்கள், காய்ந்த இந்த மண்ணில் அது வருடக்கணக்கில் மக்காது. அணில் தோண்டி வெளியே இழுக்கும். கொளுத்தவே கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையோடு ஊருக்குக் கொண்டு வாருங்கள். சொம்பில் தண்ணீர் கொண்டு போகும் நம் வழக்கத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை.

நெருப்பு போட அனுமதி இருக்கும் காலத்தில், பழைய கல்வட்டத்திலேயே போடுங்கள். சுற்றி ஊசியிலையைப் பெருக்கித் தள்ளி மண் தெரிய வையுங்கள். தரையில் விழுந்து காய்ந்த விறகை எடுக்கலாம். நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. காற்று எழுந்துவிட்டால், விதி என்ன சொன்னாலும் அணைத்துவிடுங்கள். அணைப்பதற்கென்று ஐந்து கேலன் தனியாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், குடிநீர்க் கணக்கில் அது சேராது. தண்ணீரை ஊற்றினால் சீறும், வெள்ளைப் புகை கிளம்பும். மேல்கரி கறுத்து, அணைந்துவிட்டதுபோல நடிக்கும். மண்வெட்டியை அடிவரை விட்டுப் புரட்டுங்கள். கீழே சிவப்புக் கங்கு இன்னும் இருக்கும். மறுபடி ஊற்றி, மறுபடி புரட்டி, குழம்பாகும்வரை செய்யுங்கள். கடைசியில் புறங்கையை அதன் மேல் வைத்துப் பாருங்கள், பிறகு உள்ளே விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. வட்டத்தின் கற்களையும் தொட்டுப் பாருங்கள்; அவற்றின் அடியில் நெருப்பு ஒளிந்திருப்பது வழக்கம்.

மழைக்காலம், சேறு, வழி

ஜூலை தொடக்கத்தில் மான்சூன் வரும். அமெரிக்கர்களும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். காலையில் மேகமே இருக்காது. பத்து மணிக்குச் சிகரத்தின் மேல் பஞ்சு திரளும். மதியம் ஒன்று, இரண்டுக்கு இடி. ஆகவே உயரமான நடையெல்லாம் விடிகாலையில் தொடங்கி நண்பகலுக்குள் மரவரிசைக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இடி நெருங்கினால் கூடாரம் பாதுகாப்பல்ல, கார்தான் பாதுகாப்பு. தனிமரத்தின் கீழும் மேட்டின் முதுகிலும் நிற்காதீர்கள். செடோனாப் பக்கம் காய்ந்து கிடக்கும் மணல் ஓடைக்குள் கூடாரம் போடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே, எங்கேயோ மேலே பெய்த மழை அந்த வழியாக வந்து சேரும். தீயில் கருகிய சரிவுகளுக்குக் கீழேயும் அதே கதை.

மழைக்குப் பிறகு மண்சாலைகள் மாறிவிடும். எரிமலைக் களிமண் டயரைச் சுற்றி ஒட்டி ஒட்டி, டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடும். நான்கு சக்கர இயக்கமும் உதவாது. இப்படி மாட்டிக்கொண்டால் அவசரப்படாதீர்கள். கோடையில் மறுநாள் நண்பகலுக்குள் வெயில் காயவைத்துவிடும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் விடிகாலையில் சேறு உறைந்து கெட்டியாக இருக்கும்போது, வெயில் ஏறுமுன், வெளியேறிவிடலாம். ஒரு நாள் உபரிச் சாப்பாடும் தண்ணீரும் எப்போதும் காரில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை, சாலை எண்ணோடு, ஊரில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பரில் எல்க் கிடாக்களின் பிளிறல் கேட்கும். புல்லாங்குழலில் தொடங்கி கதவுக்கீலில் முடியும் சத்தம். அந்த மாதம் அவற்றுக்குக் கோபம் அதிகம்; படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், அந்தியில் மெதுவாக வண்டி ஓட்டுங்கள். இலையுதிர்காலத்தில் வேட்டைப் பருவமும் உண்டு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் ஆரஞ்சு நிற மேலுடை போட்டுவிடுங்கள்.

இரவு வானத்துக்காகவே வருகிறவர்கள் அமாவாசை வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தெருவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் ஃபிளாக்ஸ்டாஃப். புளூட்டோவை 1930இல் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகமும் அங்கேதான். தலைவிளக்கில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை விளக்கை ஒருமுறை போட்டாலே, கண் மீண்டும் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்.

கூடாரத்தைப் பிரித்த பிறகு தரையை ஒருமுறை வரிசையாக நடந்து பாருங்கள். முளை, பாட்டில் மூடி, பட்டாணித் தோல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பழைய மண்பாண்டச் சில்லு கிடைத்தால் பார்த்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். எடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஞாயிறு பிற்பகல் ஐ-17இல் தெற்கு நோக்கி ஊரே இறங்கும். காலை பத்துக்குள் கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஃபிளாக்ஸ்டாஃபில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டுக்கு மேல் கிளம்புங்கள். ஐயாயிரம் அடிக்கு மேல் இறங்கும் சாலை அது. பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். கேம்ப் வெர்டே இறக்கத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள்.